கையைக் கடிக்காத கோல்ஃப் மட்டை: செய்யும் விதம் தெரிந்து வாங்கும் முழு வழிகாட்டி

கழுத்தில் விரிசல் விட்டு வீணாய்ப்போன டிரைவர் ஒன்றை (பந்தை அதிக தூரம் அனுப்பும் பெரிய தலை மட்டைக்கு அந்தப் பெயர்) ஒருநாள் ஆக்ஸா பிளேடு வைத்து அறுத்துப் பார்த்தேன். வெளியே கருங்கல் குண்டு மாதிரி இருந்தது, உள்ளே வெறும் கூடு. மேல்தளத்து உலோகம் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. முகம் மட்டும் மூன்று மில்லிமீட்டர் சொச்சம். முகமும் உடலும் சேரும் இடத்தில், உள்பக்கம், வெல்டிங் தழும்பு மண்புழு ஊர்ந்த தடம் போல ஓடியது. ஒரு மூலையில் உறைந்த தேன் போலப் பசைக் கட்டி. எடையையும் அடிக்கும்போது எழும் சத்தத்தையும் சரிக்கட்ட ஆலையில் சூடாக ஊற்றுவது அது. மொத்தமாக 200 கிராம், அவ்வளவுதான்.

அன்றைக்குப் பிறகு மட்டை வாங்கப் போனால் பெயின்டும் பெயரும் என் கண்ணில் முதலில் படுவதில்லை. நாம் கொடுக்கும் விலையில் ஒரு பங்கு உலோகத்துக்கும் உழைப்புக்கும் போகிறது. இன்னொரு பங்கு, "இந்த வருஷத்து மாடல்" என்ற ஒரே காரணத்துக்குப் போகிறது. இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால் குறைந்த பணத்தில் நல்ல மட்டை வாங்குவது பெரிய வித்தையில்லை. பிரிக்கத் தெரிய வேண்டுமானால் மட்டை எப்படிச் செய்யப்படுகிறது என்று கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும்.

படி 1: எத்தனை மட்டை வேண்டும் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

ஒரு ஆட்டத்துக்கு அதிகபட்சம் 14 மட்டை என்பது விதி. அமெரிக்காவின் கோல்ஃப் சங்கமான யூஎஸ்ஜிஏ 1938-இல் கொண்டுவந்தது, அடுத்த ஆண்டே பிரிட்டனில் விதி வகுக்கும் ஆர் அண்ட் ஏ அமைப்பும் ஏற்றுக்கொண்டது. அதற்கு முன் பையில் இருபதுக்கு மேல் திணித்துக்கொண்டு போனவர்கள் உண்டு. சுமந்த உதவியாளர்களின் தோளைத்தான் கேட்க வேண்டும். 14 என்பது உச்சவரம்பு. எல்லோரும் 14 வைத்திருக்க வேண்டும் என்று எந்த விதியும் சொல்லவில்லை. ஆனால் கடையில் அப்படித்தான் பேசுவார்கள்.

புதிதாக ஆடுபவருக்கு ஏழெட்டு போதும். முகச் சாய்வுக் கோணம் அதிகமுள்ள ஒரு டிரைவர் அல்லது அதைவிடச் சிறிய தலையுள்ள 5 வுட், வுட்டும் அயர்னும் கலந்த 4 அல்லது 5 ஹைப்ரிட் ஒன்று, மெல்லிய உலோகத் தலையுள்ள அயர்ன்களில் 6 முதல் 9 வரை மூன்று, கிட்டத்து அடிக்கு ஒரு பிட்சிங் வெட்ஜ், மணலிலிருந்து தூக்க ஒரு சாண்ட் வெட்ஜ், பந்தைக் குழிக்குள் உருட்ட ஒரு பட்டர். 3 அயர்ன், 4 அயர்ன் பக்கமே போக வேண்டாம். அந்த மட்டைகளால் பந்தை உயரத் தூக்க நல்ல வேகம் வேண்டும். அதே தூரத்தை ஹைப்ரிட் பாதி சிரமத்தில் தரும். எட்டு மட்டையை நல்லதாக வாங்குவதா, பதினான்கைச் சுமாராக வாங்குவதா என்று கேட்டால் நான் எட்டுக்குத்தான் போவேன்.

படி 2: அயர்ன் தலை எப்படிப் பிறக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

மட்டை என்றால் தலை, தண்டு, பிடி என மூன்று உருப்படி. தலையின் கழுத்துக்குள் தண்டை எப்பாக்ஸிப் பசையால் ஒட்டி, தண்டின் மேல்முனையில் ரப்பர் பிடியை ஏற்றினால் மட்டை தயார். அயர்ன் செட்டின் விலையை ஏற்றி இறக்குவது பெரும்பாலும் தலைதான். தலை செய்ய இரண்டு வழி இருக்கிறது: அடித்துச் செய்வது, வார்த்துச் செய்வது. கடைக்காரர் வாயில் இவை ஃபோர்ஜ்டு, காஸ்ட்.

அடித்துச் செய்யும் முறையில் கரிமம் குறைந்த எஃகுதான் மூலப்பொருள். 1020, 1025, ஜப்பானிய வழக்கில் எஸ்20சி, எஸ்25சி என்று எழுதியிருப்பார்கள். அந்த 20-க்கு, நூற்றில் 0.20 பங்கு கரிமம் என்று பொருள். உருளைக் கம்பித் துண்டை 1200 டிகிரி செல்சியஸ் வாக்கில் பழுக்கக் காய்ச்சி, கீழச்சு மேலச்சுக்கு நடுவே வைத்துப் பல டன் அழுத்தத்தில் அடிப்பார்கள். ஒரே அடியில் வடிவம் வந்துவிடாது. அடித்து, ஓரத்தில் பிதுங்கிய பிசிறை வெட்டி, மறுபடி காய்ச்சி அடிக்க வேண்டும். பிறகு முகத்தில் வரிப்பள்ளங்களை அறுத்து, சாணை பிடித்து, எடை பார்த்து, துரு பிடிக்காமலிருக்க நிக்கல், குரோம் பூச்சு கொடுக்க வேண்டும். ஜப்பானில் ஹிமேஜி சுற்றுவட்டாரப் பட்டறைகளுக்கு இந்த வேலையில் தனிப் பெயர் உண்டு. கைவேலை அதிகம், விலையும் அதிகம்.

வார்க்கும் முறை, உலோகச் சிலை வார்ப்பவர்களுக்குப் பழக்கமான அதே மெழுகு வார்ப்பு. அச்சில் மெழுகைச் செலுத்தித் தலையின் உருவத்தை எடுக்கிறார்கள். அப்படிப் பல மெழுகுத் தலைகளை ஒரு மெழுகுத் தண்டில் காய் காய்த்த மரம் போல ஒட்டுகிறார்கள். அந்த மரத்தைப் பீங்கான் கூழில் முக்கி, மணல் தூவி, உலரவிட்டு, மறுபடி முக்கி, ஓடு கெட்டியாகும்வரை இப்படியே செய்கிறார்கள். பிறகு சூட்டில் மெழுகு உருகி வெளியேறும். வெறும் ஓட்டைச் சுட்டு, அதற்குள் உருகிய ஸ்டெயின்லெஸ் எஃகை ஊற்றுவார்கள். ஆறிய பின் ஓட்டை உடைத்தால் உள்ளே உலோக மரம். காய்களை அறுத்தெடுக்க வேண்டியதுதான். 431, 17-4 என்ற இரண்டு ரக ஸ்டெயின்லெஸ் எஃகுதான் இதில் அதிகம் புழங்குகிறது. 431 கொஞ்சம் வளைந்து கொடுக்கும். 17-4 முரட்டு ரகம், லேசில் வளையாது. இந்த வித்தியாசம் படி 6-இல் கைகொடுக்கும்.

அடித்துச் செய்ததுதான் உசத்தி, வார்த்தது மட்டம் என்று ஒரு பேச்சு காலகாலமாக ஓடுகிறது. நான் அதை நம்புவதில்லை. பந்து முகத்தில் ஒட்டியிருக்கும் நேரம் ஒரு விநாடியில் ஏறக்குறைய இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. அதிர்வு கையை எட்டும்போது பந்து கிளம்பிப் போயிருக்கும். "வெண்ணெய் மாதிரி இருக்கிறது" என்று சொல்கிறோமே, அதில் பெரும்பங்கு காது கேட்ட சத்தம்.

வார்ப்பில் ஒரு பெரிய வசதியும் இருக்கிறது. சிக்கலான வடிவங்களை அது அநாயாசமாக எடுக்கும். ஜெனரல் எலெக்ட்ரிக்கில் பொறியாளராக இருந்த கார்ஸ்டன் சோல்ஹைம், பிங் நிறுவனத்தைத் தொடங்கிப் பிரபலமாக்கிய யோசனை இதை நம்பித்தான் வளர்ந்தது. தலையின் பின்புறத்தைக் குடைந்து, அந்த எடையைச் சுற்றோரத்துக்குத் தள்ளினார். காவடித் தண்டின் இரு முனையிலும் பாரம் தொங்கும்போது ஆளால் சட்டென்று திரும்ப முடியாதல்லவா? அதே கதைதான். பந்து நடுவில் படாமல் ஓரத்தில் பட்டாலும் தலை முறுக்கிக்கொண்டு திரும்பாது. பந்தும் ஓரளவு நேராகவே போகும். பின்புறம் குடைந்த இந்த ரகத்துக்குக் கேவிட்டி பேக் என்று பெயர். 1980-களில் வந்த பிங் ஐ 2 அயர்ன்கள் வார்த்தவைதான். அவற்றை இன்றும் பையில் வைத்து ஆடுபவர்கள் இருக்கிறார்கள்.

ஆக, செலவைக் குறைக்க நினைப்பவர் வார்த்த கேவிட்டி பேக் அயர்னைக் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம். பின்புறம் தட்டையான பிளேடு ரகம் பார்க்க அழகு. தப்பாகப் பட்ட அடியை அது மன்னிக்காது.

விட்டுவிட வேண்டிய ரகமும் ஒன்று உண்டு. மிக மலிவான பெட்டி செட்டுகளில் சில துத்தநாகக் கலவைத் தலையோடு வரும். கழுத்து வழக்கத்தைவிடத் தடிமனாக இருந்தால் சந்தேகப்படுங்கள். ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள். 431-உம் 17-4-உம் கரிம எஃகும் காந்தத்தில் ஒட்டும், துத்தநாகம் ஒட்டாது. ஆனால் 304 போன்ற ஸ்டெயின்லெஸ் ரகங்களும் ஒட்டா. அதனால் காந்தத்தை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதிவிடாதீர்கள்.

படி 3: மட்டையில் அடித்திருக்கும் எண்ணை நம்பாதீர்கள்

"என் 7 அயர்ன் இவ்வளவு தூரம் போகுது" என்று பெருமைப்படுபவரின் மட்டையை ஒருமுறை கோணம் அளந்து பார்க்க வேண்டும். 7 என்பது வெறும் பெயர். பந்தின் உயரத்தையும் தூரத்தையும் தீர்மானிப்பது முகம் எத்தனை டிகிரி சாய்ந்திருக்கிறது என்பதுதான். ஒரு காலத்தில் 7 அயர்ன் என்றால் 35, 36 டிகிரி. இன்று கற்றுக்கொள்பவர்களுக்கென்று விற்கும் பல செட்டுகளில் 7 அயர்ன் 28 முதல் 30 டிகிரிதான். பழைய கணக்கில் அது 5 அயர்னுக்கும் 6 அயர்னுக்கும் நடுவில் விழும்.

இதை முழு ஏமாற்று என்று சொல்லிவிட முடியாது. புது வடிவங்களில் எடை அடியில் இறங்கியிருப்பதால் பந்து தானாகவே உயர எழும். உயரத்தைக் கட்டுக்குள் வைக்கக் கோணத்தைக் குறைக்கத்தான் வேண்டும். ஆனாலும் "எங்கள் 7 அயர்ன் அவர்கள் 7 அயர்னைவிட ஒரு மட்டை தூரம் கூடப் போகும்" என்ற விளம்பரத்துக்கு இந்த எண் விளையாட்டு நன்றாக உதவுகிறது என்பதும் நிஜம்.

உங்கள் பணத்துக்கு இதில் என்ன சம்பந்தம்? அயர்ன் செட்டின் பிட்சிங் வெட்ஜ் 44 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். தனியாக வாங்கிய சாண்ட் வெட்ஜ் 56. நடுவில் 12 டிகிரி ஓட்டை. நான்கு டிகிரி வித்தியாசத்துக்குப் பலருக்குப் பத்துப் பன்னிரண்டு கெஜம் தூரம் மாறும். பன்னிரண்டு டிகிரி என்றால் முப்பது கெஜத்துக்கு மேல் உங்களிடம் மட்டையே இல்லை. இந்த ஓட்டையை அடைக்க 50 டிகிரியில் ஒரு கேப் வெட்ஜ் வாங்க வேண்டிவரும். செட் வாங்கும்முன் தயாரிப்பாளரின் இணையதளத்தில் அந்த மாடலின் கோண அட்டவணையைப் பார்த்து, ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். செட்டின் விலையோடு, அது வாங்கவைக்கும் கூடுதல் மட்டையின் விலையையும் சேர்த்துக் கணக்குப் போட்டால்தான் எது மலிவு என்று தெரியும்.

படி 4: டிரைவரை நான்கைந்து வருடம் பழையதாகவே வாங்குங்கள்

இந்த வழிகாட்டியிலேயே அதிகப் பணம் மிச்சமாகும் இடம் இதுதான்.

டிரைவர் தலை முன்பு பெர்சிமன் மரத்தில் செய்யப்பட்டது. 1979-இல் கேரி ஆடம்ஸ் தொடங்கிய டெய்லர்மேட் உலோகத் தலையைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. எஃகுக்குப் பேர்போன நகரத்தை வைத்து "பிட்ஸ்பர்க் பெர்சிமன்" என்று அதற்கு ஒரு குறும்புப் பெயரும் ஒட்டிக்கொண்டது. 1991-இல் காலவே நிறுவனத்தின் பிக் பெர்தா வந்தது. அது எஃகு. 1995-இல் அதே நிறுவனம் டைட்டானியத்தில் கிரேட் பிக் பெர்தாவைச் செய்தது. எஃகின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 7.8 கிராம், டைட்டானியத்தின் அடர்த்தி ஏறக்குறைய 4.5. அதே எடையில் தலையைப் பெரிதாக ஊதலாம். பெரிய தலையில் முகமும் பெரிது, அடி தப்பினாலும் தாங்கும். முகத்தை மெல்லியதாக்கினால் குதித்து விளையாடும் டிராம்போலின் போலப் பந்தை எகிறவிடும்.

இப்படியே போனால் மைதானங்கள் போதாது என்று விதி அமைப்புகள் கடிவாளம் போட்டன. தலையின் கொள்ளளவு 460 கன சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. முகத்தின் துள்ளலுக்கும் வரம்பு வந்தது. அந்த வரம்பைத்தான் 0.83 என்ற எண்ணால் குறிப்பார்கள். முறுக்கை எதிர்க்கும் திறனுக்கும் உச்சம் வைத்தார்கள். கவனியுங்கள்: நேர் நடுவில் பட்ட அடிக்குத் துள்ளல் இவ்வளவுதான் என்று சுவர் எழுப்பி இருபது வருடத்துக்கு மேலாகிறது. நல்ல தயாரிப்பாளர்கள் எல்லோரும் அந்தச் சுவரை அப்போதே தொட்டுவிட்டார்கள்.

அப்படியானால் ஆண்டுதோறும் புதிதாக என்ன செய்கிறார்கள்? மேல்தளத்தைக் கார்பன் இழையில் செய்து மிச்சமாகும் சில கிராம்களை எடுத்து, அடர்த்தி 19-ஐத் தாண்டும் டங்ஸ்டன் துண்டுகளாகப் பின்பக்கத்தில் வைக்கிறார்கள். ஓரத்தில் பட்ட பந்தும் வேகம் இழக்காமலிருக்க முகத்தின் தடிமனை இடத்துக்கு இடம் மாற்றுகிறார்கள். முன்னேற்றம் நிஜம்தான், ஆனால் ஒரு வருடத்துக்கும் அடுத்த வருடத்துக்கும் நடுவே அது தம்மாத்துண்டு. ஆடுகிற நாமோ ஒரு அடி வலப்பக்கம், ஒரு அடி இடப்பக்கம் என்று போய்க்கொண்டிருக்கிறோம். நான்கைந்து வருடம் பழைய டிரைவரில் நாம் இழப்பது மிகக் குறைவு. விலையோ பாதிக்கும் கீழே இறங்கியிருக்கும்.

கோணம் விஷயத்தில் மட்டும் வீறாப்பு வேண்டாம். 9 டிகிரி டிரைவர் வேகமாகச் சுழற்றுபவருக்கு. பெரும்பாலானவர்களுக்கு 10.5 சரி; வேகம் குறைந்தவர்களுக்கு 12 இன்னும் நல்லது. போட்டியில் ஆடும் எண்ணம் இருந்தால், அந்தத் தலை விதிக்கு உட்பட்டதா என்று யூஎஸ்ஜிஏவும் ஆர் அண்ட் ஏவும் வைத்திருக்கும் பட்டியலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 5: தண்டுக்கு உரிய மரியாதை கொடுங்கள்

முதலில் ஹிக்கரி மரத் தண்டு. எஃகுத் தண்டை ஆர் அண்ட் ஏ 1929-இல்தான் அனுமதித்தது. கிராஃபைட் 1970-களின் தொடக்கத்தில் வந்தது.

எஃகுத் தண்டு குழாயாக இழுக்கப்பட்டு, படிப்படியாகக் குறுக்கப்படுகிறது. தண்டில் வளையம் வளையமாகத் தெரியும் படிக்கட்டு அந்தக் குறுக்கலின் தடம். அயர்னுக்கான எஃகுத் தண்டு 90 முதல் 130 கிராம் வரை வரும். கிராஃபைட் தண்டு செய்வது இன்னொரு கதை. பிசின் ஊறிய கார்பன் இழைத் தாளைக் கோணம் கோணமாக வெட்டி, கூம்பான எஃகுக் கம்பியின் மேல் பாய் சுருட்டுவது போலச் சுற்றுகிறார்கள். மேலே இறுக்கமாக நாடா சுற்றி, அடுப்பில் வேகவைத்து, நடுக்கம்பியை உருவி எடுத்து, நாடாவை உரித்து, தேய்த்து வண்ணம் பூசுகிறார்கள். நீளவாக்கில் ஓடும் இழை வளைவைத் தீர்மானிக்கும், சாய்ந்து ஓடும் இழை முறுக்கைத் தாங்கும். தாள் மலிவானது, சுற்றியது கோணல் என்றால் ஒரே செட்டில் இரண்டு தண்டு ஒரே மாதிரி நடந்துகொள்ளாது. மிக மலிவான கிராஃபைட்டைவிடச் சாதாரண எஃகு மேல் என்று நான் சொல்வது இதனால்தான், அயர்ன்களுக்கு மட்டும். மூட்டு வலி இருப்பவர்கள், வேகம் குறைந்தவர்கள் நல்ல கிராஃபைட்டைத் தேடுங்கள்.

தண்டில் எல், ஏ, ஆர், எஸ், எக்ஸ் என்று எழுத்து இருக்கும்: லேடீஸ், சீனியர், ரெகுலர், ஸ்டிஃப், எக்ஸ்ட்ரா ஸ்டிஃப். இதற்குப் பொதுத் தரம் என்று ஒன்று கிடையாது. ஒரு நிறுவனத்தின் ஆர் இன்னொன்றின் எஸ்ஸாக இருக்கும். டிரைவரை மணிக்கு 85 முதல் 95 மைல் வேகத்தில் சுழற்றுபவருக்கு ரெகுலர், அதற்கு மேல் ஸ்டிஃப் என்று தோராயக் கணக்காக வைத்துக்கொள்ளுங்கள். "ஸ்டிஃப் போட்டால்தான் ஆம்பளை" என்கிற மாதிரி ஒரு அசட்டுப் பெருமை பயிற்சித் திடலில் உலவுகிறது. காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். விறைப்பு அதிகமான தண்டில் பலருக்குப் பந்து தாழ்வாகப் போய் வலப்பக்கம் ஒதுங்கும்.

தண்டை மட்டும் தனியாக வாங்குவதானால் முனையின் விட்டத்தைப் பாருங்கள். டிரைவருக்குப் பெரும்பாலும் 0.335 அங்குலம், அயர்னுக்கு 0.355 அல்லது 0.370. 0.355 கூம்பு முனை, 0.370 நேர் முனை. ஒன்றுக்காகச் செய்த கழுத்தில் மற்றது சரியாக உட்காராது.

படி 6: உங்களை அளந்து பாருங்கள்

ஷூ போட்டு நேராக நின்று, கைகளைத் தொங்கவிட்டு, மணிக்கட்டு மடிப்பிலிருந்து தரைவரை வேறொருவரை அளக்கச் சொல்லுங்கள். உயரத்தையும் இந்த அளவையும் சேர்த்துப் பார்த்தால் மட்டையின் நீளம் தோராயமாகப் பிடிபடும். உயரமானவர் எல்லோருக்கும் நீள மட்டை வேண்டும் என்பதில்லை. கையும் நீளமாக இருந்தால் வழக்கமான நீளமே பொருந்தும்.

நீளத்தைவிட முக்கியம் மட்டை தரையில் உட்காரும் கோணம். இதை லை என்பார்கள். அளக்க எளிய வழி ஒன்று உண்டு. வெள்ளைப் பலகையில் எழுதும் மார்க்கரால் பந்தில் தடிமனாக ஒரு கோடு போடுங்கள். கோடு முகத்தைப் பார்த்தபடி, தரைக்கு நேர்க்குத்தாக இருக்கும்படி பந்தை வைத்து, இயல்பாக அடியுங்கள். கோடு மட்டை முகத்தில் அச்சாக விழும். முகத்தின் வரிப்பள்ளங்களுக்குக் கோடு செங்குத்தாக இருந்தால் லை சரி. கோட்டின் மேல்முனை மட்டையின் நுனிப் பக்கம் சாய்ந்திருந்தால், அடிபடும் நேரத்தில் நுனி தூக்கிக்கொண்டிருக்கிறது, வலக்கைக்காரருக்குப் பந்து இடப்பக்கம் போகும். குதிப் பக்கம், அதாவது தண்டு சேரும் பக்கம், சாய்ந்திருந்தால் நேர்மாறு.

மட்டை பழுது பார்ப்பவர் இதற்கான பிடிப்புக் கருவியில் மாட்டி, கழுத்தை ஓரிரு டிகிரி வளைத்துத் தருவார். அடித்துச் செய்த தலையும் 431 வார்ப்பும் இதற்கு இணங்கும். 17-4 என்றால் அவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள், முறிந்தால் வருத்தம் இருவருக்கும். மாதக்கணக்கில் "என் சுழற்சியில் கோளாறு" என்று மண்டையை உடைத்துக்கொண்ட ஒருவருக்கு இரண்டு டிகிரி வளைத்துக் கொடுத்ததும் பந்து நேராகப் போனதை நான் பார்த்திருக்கிறேன்.

படி 7: பழைய மட்டையைக் கையில் எடுத்துப் பாருங்கள்

முதலில் காதருகே வைத்துக் குலுக்குங்கள். கிலுகிலு என்றால் உள்ளே பசைத் துணுக்கு உடைந்து உருள்கிறது. ஆட்டத்தைக் கெடுக்காது, எரிச்சலைக் கிளப்பும். பேரம் பேச ஒரு பிடி கிடைத்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். டிரைவரின் முகத்தில் நேர் விளிம்புள்ள ஒரு அட்டையை வைத்துப் பாருங்கள். நல்ல முகம் லேசாகப் புடைத்திருக்கும். நடுவில் தட்டையாகவோ குழிவாகவோ இருந்தால் உலோகம் சோர்ந்துவிட்டது, வேண்டாம். முகத்தின் ஓரம், கழுத்தடி, அடித்தளம் மூன்றிலும் நகத்தால் வருடிப் பாருங்கள். கண்ணுக்குத் தப்பிய விரிசல் நகத்துக்குத் தப்பாது. மேல்தளத்தில் பந்து பட்ட பெயின்ட் காயம் வெறும் அழகுக் குறை. விலையைக் குறைக்கும், வேலையைக் குறைக்காது. எனக்குப் பிடித்த ரகமே அதுதான்.

கிராஃபைட் தண்டில் பை விளிம்பு உரசிய இடத்தில் இழை தெரிகிறதா, எஃகுத் தண்டில் துருக்குழி இருக்கிறதா என்று பாருங்கள். தலையைக் காலால் அமுக்கிப் பிடித்துப் பிடியைத் திருகுங்கள், அசைந்தால் பசை விட்டிருக்கிறது. கழுத்தும் தண்டும் சேரும் இடத்திலுள்ள கறுப்பு பிளாஸ்டிக் வளையம் மேலே நகர்ந்திருந்தாலும் அதே சந்தேகம் வர வேண்டும். அயர்ன் செட் என்றால் எல்லா மட்டையிலும் ஒரே தண்டா என்று ஒவ்வொன்றாகப் படியுங்கள். எண் வரிசைப்படி சுவரில் சாய்த்து வைத்தால் மட்டைக்கு மட்டை அரை அங்குலம் சீராக இறங்க வேண்டும். எங்காவது இறங்காமல் நின்றால் அந்த மட்டையை யாரோ நீட்டியோ வெட்டியோ இருக்கிறார்கள்.

போலிகளும் ஏராளம். நானே ஒருமுறை மாட்டினேன். நம்ப முடியாத விலைக்கு ஒரு "டைட்டானியம்" டிரைவர். எழுத்து, பெயின்ட், உறை எல்லாம் கச்சிதம். வீட்டுக்கு வந்து, ஏதோ தோன்றி, ஃபிரிட்ஜ் கதவிலிருந்த காந்தத்தை முகத்தில் வைத்தேன். டக்கென்று ஒட்டிக்கொண்டது. டைட்டானியத்தில் காந்தம் ஒட்டாது. எஃகுக் கூட்டுக்கு வண்ணம் பூசி என் தலையில் கட்டிவிட்டார்கள். விற்றவர் அதன்பிறகு போனை எடுக்கவில்லை. இப்போதெல்லாம் சட்டைப்பையில் காந்தம் இல்லாமல் மட்டை பார்க்கப் போவதில்லை. ஒரு எச்சரிக்கை: அடியிலுள்ள எடைத் திருகில் வைத்துப் பார்க்காதீர்கள், அசலிலும் அது ஒட்டக்கூடும். முகத்தில் வையுங்கள். அலுமினியத் தலையும் ஒட்டாது என்பதால் கழுத்திலுள்ள தொடர் எண்ணைத் தயாரிப்பாளரிடம் கேட்டுச் சரிபார்ப்பது இன்னும் உறுதி.

படி 8: பெயர் தெரியாத பிராண்டைப் பார்த்து மிரள வேண்டாம்

பெரிய பிராண்டுகள் பலவும் தலைகளைச் சொந்தமாக வார்ப்பதில்லை. தைவான், சீனா, வியட்நாமில் உள்ள வார்ப்பாலைகள் செய்துகொடுக்கின்றன. வடிவமைப்பும் தரக் கட்டுப்பாடும் பிராண்டுடையவை. இதனால் "எல்லாம் ஒரே ஆலை, எல்லாம் ஒரே சரக்கு" என்று முடிவுகட்டுவதும் தவறு. ஒரே ஆலையிலிருந்து வந்தாலும் எத்தனை கிராம், எத்தனை டிகிரி பிசகை ஏற்றுக்கொள்வது என்பது வாங்குபவர் போடும் நிபந்தனை. மலிவுச் சரக்கில் அந்தப் பிசகு பெரிதாக இருக்கும். அதனால் பெயர் தெரியாத தலையை வாங்கினால் ஒவ்வொன்றையும் எடை போட்டு, கோணம் அளந்துகொள்ளுங்கள்.

தலை, தண்டு, பிடி மூன்றையும் தனித்தனியாக வாங்கி, மட்டை கட்டுபவரிடம் கொடுத்து உங்கள் அளவுக்குச் சேர்த்துக்கொள்வது இன்னொரு வழி. விளம்பரச் செலவு விலையில் ஏறியிருக்காது. சேர்ப்பவர் ஸ்விங் வெயிட் தராசில் வைத்துப் பார்ப்பார். டி2 போன்ற எழுத்தும் எண்ணும் அதில் வரும். சுழற்றும்போது தலை எவ்வளவு கனமாகத் தோன்றும் என்பதன் அளவு அது. தலையில் இரண்டு கிராம் கூட்டினால் ஒரு புள்ளி ஏறும். அரை அங்குலம் நீட்டினால் ஏறக்குறைய மூன்று புள்ளி. மட்டைக்கு மட்டை இது ஒரே அளவில் இருந்தால் கை குழம்பாது.

படி 9: வெட்ஜும் பட்டரும்

வெட்ஜ் மட்டும் முடிந்தால் புதிதாக வாங்குங்கள். வரிப்பள்ளத்தின் விளிம்பு தேய்ந்த வெட்ஜ், புல்லிலிருந்து அடிக்கும்போது பந்தைச் சுழலவிடாது. அடித்தளத்தின் புடைப்புக் கோணத்தையும் பாருங்கள், பவுன்ஸ் என்று பெயர். மண்ணும் மணலும் பொசபொசவென்றிருக்கும் மைதானத்துக்கு 10 டிகிரிக்கு மேல், கட்டாந்தரைக்கு 6 டிகிரி வாக்கில்.

பட்டரில் தேய ஒன்றுமில்லை. எத்தனை பழையதானாலும் வாங்கலாம். 33 முதல் 35 அங்குலத்துக்குள், குனிந்து நிற்கும்போது கண் பந்துக்கு நேர் மேலே வரும் நீளமாக இருக்கட்டும்.

படி 10: பிடியை நீங்களே மாற்றுங்கள்

பழைய மட்டை வாங்கினால் பிடி பெரும்பாலும் கண்ணாடி போல வழுக்கும். வழுக்கும் பிடியை இறுக்கிப் பிடித்தே பலருக்கு முழங்கையில் வலி வருகிறது. அளவு சரியா என்று பார்க்க, வலக்கைக்காரர் இடக்கையால் பிடியுங்கள். நடுவிரல், மோதிரவிரல் நுனிகள் உள்ளங்கைச் சதையை லேசாகத் தொட வேண்டும். அழுந்தினால் பிடி மெல்லியது, எட்டாவிட்டால் தடிமன். மெல்லியதைச் சரிசெய்ய அடியில் ஒரு சுற்று டேப் கூடுதலாகச் சுற்றினால் போதும்.

வளைந்த பிளேடுள்ள கத்தியால் பழைய பிடியை நீளவாக்கில் கீறி உரியுங்கள். கத்தி எப்போதும் உடம்புக்கு வெளியே போகட்டும். கிராஃபைட் தண்டென்றால் ஆழமாக அழுத்தாதீர்கள், இழை வெட்டுப்படும். பழைய டேப்பைச் சுரண்டி, இருபக்கமும் ஒட்டும் டேப்பைப் பிடியின் நீளத்துக்கு ஒட்டி, மேல்முனையில் கொஞ்சம் நீட்டிவிட்டு உள்ளே மடித்துத் திணியுங்கள். புதுப் பிடியின் நுனித் துளையை விரலால் அடைத்து, கரைப்பான் ஊற்றிக் குலுக்கி, மிச்சத்தை டேப்பின் மேல் வழியவிடுங்கள். ஈரம் காய்வதற்குள் ஒரே மூச்சில் தள்ளி ஏற்ற வேண்டும். பாதியில் நின்று யோசித்தால் அங்கேயே ஒட்டிக்கொள்ளும், அறுத்து எறிவதைத் தவிர வழியில்லை. எனக்கு முதல் இரண்டு பிடி அப்படித்தான் போனது. ஏறியதும் மட்டையைத் தரையில் வைத்து, முகத்தின் கீழ்விளிம்புக்குப் பிடியின் கோடு நேராக இருக்கிறதா என்று மேலிருந்து பாருங்கள். ஒன்றிரண்டு நிமிடம்வரை திருகிச் சரிசெய்யலாம். பிறகு சுவரோரம் சாய்த்துவிட்டு, இரவு முழுக்கத் தொடாதீர்கள்.